மூன்று முறை வெள்ளையடித்த சுவர்

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு தையல் கடைக்கு மேலே பிரிஜட்டின் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்று யாராவது சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும். ஒரு மேசை, மூன்று நாற்காலி, சட்டம் போட்டு மாட்டிய துப்பறிவாளர் உரிமம், சத்தம் போடும் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை மதியம் அந்தப் படிகளில் ஏறிய அனுப்ரியாவுக்குப் பாதி வழியில் திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை தோன்றியது. சுவரில் ஒரு கறை, அதற்காகத் துப்பறிவாளர் என்றால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

பிரிஜட் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருடம் காப்புறுதி நிறுவனங்களுக்காக எரிந்த வீடுகளையும் நனைந்த கிடங்குகளையும் பார்த்து, யார் சொல்வது பொய் என்று எழுதிக்கொடுத்தவர் அவர். கறை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அவருடைய உதவியாளர் சிதம்பரம் குறிப்பேட்டைத் திறந்தார். முப்பது வருடம் டாக்சி ஓட்டியவர். சிங்கப்பூரில் நடக்கும் குற்றங்களில் பாதியைத் தன் பின்சீட்டிலேயே கேட்டுவிட்டதாக நம்புகிறவர்.

"ஈசூன்ல எங்களுக்கு ஒரு நாலறை வீடு இருக்கு மேடம்" என்று ஆரம்பித்தாள் அனுப்ரியா. "தெம்பனிஸ்ல புது வீட்டுக்குப் போயிட்டோம். பழையதை ஆறு மாசத்துக்குள்ள வித்தாகணும். நல்ல விலைக்குப் போகணும்னா ரெடி பண்ணணும்னு ஏஜென்ட் சேதுபதி சொன்னார்."

ரெடி பண்ணுவது என்றால் என்ன என்று சேதுபதி ஒரே வரியில் விளக்கியிருந்தார். "வாங்க வர்றவங்க இந்த வீட்டுல தங்களைப் பார்க்கணும் லா, உங்களைப் பார்க்கக் கூடாது." அதனால் சாமி அலமாரியைக் கழற்றினார்கள். அதற்கு மேலே படிந்திருந்த சாம்பிராணிப் புகையைச் சுரண்டினார்கள். வாசலில் தொங்கிய மாவிலைத் தோரணம் குப்பைக்குப் போனது. மசாலா வாடை போக ஒரு வாரம் கிண்ணம் கிண்ணமாகக் காப்பித்தூள் வைத்தார்கள். கூடத்துச் சுவரில், குடும்பமே தரையில் உட்கார்ந்து சாய்ந்து சாய்ந்து பன்னிரண்டு வருடத் தலையழுக்கு பழுப்பாகப் பிடித்திருந்தது. சேதுபதி அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தபோது அனுப்ரியாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. வீடு முழுக்க வெள்ளை அடித்து, வாடகைக்கு ஒரு சோபாவும் பிளாஸ்டிக் செடிகளும் அழகுக்கு ஒரு சுவர்க்கடிகாரமும் கொண்டுவந்து வைத்தார்கள்.

"முதல் சனிக்கிழமை, வாங்குறவங்க வந்து பார்க்கிற வியூவிங். ஜன்னலோரச் சுவர்ல எண்ணெய்க் கறை. தலை சாய்ச்ச மாதிரி, வட்டமா. வந்தவங்க அதையே பார்த்துட்டுப் போனாங்க. ஞாயித்துக்கிழமை திரும்ப பெயிண்ட் அடிச்சோம். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் கறை. மறுபடியும் அடிச்சோம். மூணாவது வாரம் வரல, அப்பாடான்னு இருந்தேன். போன சனிக்கிழமை திரும்ப வந்துடுச்சு."

"பழைய கறை கசியுது!" என்றார் சிதம்பரம் உற்சாகமாக.

"பழையது எதிர்ச் சுவர்ல அங்கிள். இது புதுசு."

"மூணாவது வாரம் என்ன நடந்துச்சு?" என்று கேட்டார் பிரிஜட்.

"ஒண்ணும் இல்லையே. எங்க பொண்ணு சிவானிக்குக் காய்ச்சல். எனக்கு பேங்க்ல ஆடிட், லீவு கிடைக்கல. என் வீட்டுக்காரர் அகிலன்தான் வீட்டுல இருந்து பார்த்துக்கிட்டார்."

"யாரைச் சந்தேகப்படுறீங்க?"

அதற்குத்தானே அவள் வந்திருந்தாள். "சந்தேகம் இல்ல மேடம். பெயிண்டர் சின்னத்தம்பி. துவாஸ்ல வேலையாட்கள் தங்குற டார்மிட்டரியில இருக்கிறான், இந்தியாவுலேர்ந்து வந்த ஊர்க்காரப் பையன். பெயிண்ட் அடிக்க சாவி குடுத்தோம், காப்பி எடுத்திருக்கான். பகல்ல வந்து ஓய்வெடுக்கிறான். அந்தக் கறை வாடையே சொல்லுது. அந்த ஊர் ஆளுங்க தலை நிறைய எண்ணெய் வச்சுக்குவாங்க, தெரியும்தானே. அவன் முதலாளிகிட்ட சொல்லிட்டேன். மூணு நாளா வேலையை விட்டு நிறுத்தி வச்சிருக்கார். ஆதாரம் குடுங்க, திங்கக்கிழமை ஊருக்கு அனுப்பிடுறேன்னார். போலீஸ்ல எதுவும் திருடு போகலையேன்னு கேக்கிறாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்."

'அந்த ஊர் ஆளுங்க' என்று சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. தொடக்கப்பள்ளியில், பக்கத்தில் உட்கார்ந்த சிறுமி மூக்கைப் பொத்திக்கொண்டு இடம் மாற்றித் தரச் சொல்லி ஆசிரியரிடம் கேட்ட நாளை அனுப்ரியா யாரிடமும் சொன்னதில்லை. அன்றோடு அவள் தலையில் எண்ணெய் வைப்பதை விட்டுவிட்டாள்.

"அவரை நேர்ல பார்த்துக் கேட்டீங்களா?"

"ஒரு தடவை பார்த்திருக்கேன். தொப்பி போட்டுக்கிட்டு சுவர்ப் பக்கம் திரும்பி வேலை பார்த்துக்கிட்டிருந்தான். மத்ததெல்லாம் மெசேஜ்தான். வேலை விஷயம் மட்டும்."

பிரிஜட் தலையசைத்தார். அனுப்ரியா மேசைமேல் வைத்திருந்த பிளாஸ்டிக் பையில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் ஒரு பச்சைப் புட்டியும் இருந்தன. "இது என்ன தைலமா?"

"அவருக்கு மேடம். தலைவலி, ரெண்டு மாசமா தூக்கமே இல்ல. ராத்திரியில தேய்ச்சுவிடுறேன்."

பிரிஜட் புட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்தார்.

புதன்கிழமை மாலை மூவரும் ஈசூன் வீட்டுக்குப் போனார்கள். மின்தூக்கியை விட்டு வெளியே வந்ததுமே பக்கத்து வீட்டு ஆமினா பீவி எதிர்ப்பட்டார். தினமும் காலை எட்டு மணிக்கு மகள் வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு ஏழு மணிக்குத் திரும்புகிறவர். இன்று கொஞ்சம் முன்னால் வந்திருந்தார்.

"பகல்ல நான் இல்லம்மா, யார் வந்தா போனான்னு எனக்கெப்படித் தெரியும்? ஆனா அந்த பெயிண்டர் தம்பி நல்ல பையன். முதல்ல பெயிண்ட் அடிக்க வந்தப்ப ஞாயித்துக்கிழமை, நான் வீட்டுல இருந்தேன். படிக்கட்டுல உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்தான். அவங்க அத்தா மௌத்தாயிட்டாராம். பெத்தவர் முகத்தைக் கடைசியாப் பார்க்க ஊருக்குப் போக முடியல. டீ போட்டுக் குடுத்தேன், குடிச்சுட்டு வேலைக்குப் போயிட்டான்." பிறகு அனுப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அகிலன் எப்படி இருக்காரு? பார்த்து எவ்வளவு நாளாச்சு."

"இருக்கார்க்கா. வயசாயிடுச்சு போல. முன்னாடில்லாம் தலையில ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலே, ஆபீஸ்ல என்ன நினைப்பாங்கன்னு கத்துவார். இப்ப ராத்திரி வச்ச எண்ணெயோட அப்படியே கிளம்பிப் போயிடுறார்."

வீட்டுக்குள் எல்லாம் வெள்ளையாக இருந்தது. பிரிஜட் முதலில் சோபாவைப் பார்த்தார். ஒரு சுருக்கம்கூட இல்லை. அப்புறம் சுவர் அருகே முழந்தாளிட்டு, தரையிலிருந்து கறை வரை அளவுநாடாவைப் பிடித்தார். முகர்ந்தார். கறையின் ஓரத்தை விரலால் தடவினார்.

"இதைச் சோப்பு போட்டுத் துடைச்சது நீங்களா?"

"இல்லையே! ஈரத்துணி பட்டா பெயிண்ட் போயிடும்னு சேதுபதி தொடவே கூடாதுன்னார்."

"யாரோ துடைச்சுப் பார்த்திருக்காங்க. துடைச்சதுல கறை இன்னும் பெருசாயிடுச்சு."

"தடயத்தை அழிக்கப் பார்த்திருக்கான்!" என்றார் சிதம்பரம்.

"இல்ல, வெட்கப்பட்டிருக்கான்" என்றார் பிரிஜட். அப்புறம் அண்ணாந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "இது ஓடுதே?"

அனுப்ரியாவும் பார்த்தாள். ஆறு இருபது, சரியான நேரம். சேதுபதி அதைக் கொண்டுவந்து மாட்டியபோது பேட்டரியே இல்லை. பத்து பத்தில் நின்றால்தான் போட்டோவில் அழகாக இருக்கும் என்று சொல்லியிருந்தார்.

"பேட்டரியும் திருட்டு!" என்று எழுதப்போன சிதம்பரம், போட்டுவிட்டுப் போயிருப்பது எப்படித் திருட்டாகும் என்று புரிந்து பேனாவை மூடினார்.

வியாழக்கிழமை இரவு பிரிஜட் தொலைபேசியில் அழைத்தார். அன்று பகலில் அவரும் சிதம்பரமும் சின்னத்தம்பியைப் பார்க்கத் துவாஸுக்குப் போய்வந்திருந்தார்கள்.

"விஷயம் தெரிஞ்சுபோச்சு. நீங்களும் நானும் மட்டும் தனியா உட்கார்ந்து பேசிக்கலாமே, அனுப்ரியா."

"எதுக்குத் தனியா? சனிக்கிழமை மூணு மணிக்கு வியூவிங். அதுக்கு முன்னாடி எல்லாரும் வரட்டும். ஏஜென்ட், ஆமினாக்கா, அந்தப் பையன், என் வீட்டுக்காரர், எல்லாரும். ஒரு மாசமா என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தாங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"தனியா சொல்றதுதான் நல்லது. யோசிச்சுப் பாருங்க."

"யோசிக்க என்ன மேடம் இருக்கு?"

"சரி" என்றார் பிரிஜட்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அந்த வெள்ளைக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். சேதுபதி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆமினா பீவி வாடகை சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். அகிலன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி நின்றான். சின்னத்தம்பியைச் சிதம்பரம் தன் காரில் அழைத்துவந்திருந்தார். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் வாசலிலேயே செருப்பைக் கழற்றி நின்றான். அனுப்ரியா அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

"தம்பி, அந்தச் சுவர்ல சாய்ஞ்சு உட்காருங்க" என்றார் பிரிஜட்.

அவன் தயங்கி உட்கார்ந்தான். அவன் தலை கறைக்கு ஒரு சாண் கீழே நின்றது.

"இவர் இல்ல. இதைவிட உயரமானவர். உயரத்தை மட்டும் வச்சு நான் யாரையும் விடுவிக்க மாட்டேன், எக்கி உட்கார்ந்தான்னு சொல்லிடலாம். தம்பி, தொப்பியைக் கழற்றுறீங்களா?"

சின்னத்தம்பி தொப்பியைக் கழற்றினான். மொட்டைத் தலை. அதில் நாலைந்து நாள் முளைத்த முடிதான் இருந்தது.

"மொட்டை எப்ப போட்டீங்க?"

"அப்பா தவறின அன்னைக்கு ஒரு தடவை, மேடம். நான்தான் மூத்த மகன். ஊர்ல கொள்ளி போட முடியல. இங்க சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சலூன்ல முடி எடுத்துக்கிட்டு கோயிலுக்குப் போனேன். பதினாறாம் நாள் காரியத்துக்கும் போக முடியல. அன்னைக்கும் எடுத்தேன். அப்புறம் மனசு ஆறாம மூணாவது தடவையும் எடுத்தேன்." அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "துக்கத்துல தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டோம், மேடம்."

அனுப்ரியாவின் காது மடல்கள் சூடேறின. எண்ணெய்த் தலைக்காரன் என்று ஊரெல்லாம் சொன்னாளே, அந்தத் தலையில் முடியே இல்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு முறை முகம் பார்த்துப் பேசியிருந்தால் போதும்.

"அப்ப யாரு?" என்றார் சேதுபதி. "மூணு மணிக்கு ஆள் வர்றாங்க லா."

"சொல்றேன். வந்தவர் சாவி போட்டு வந்திருக்கார், பூட்டு உடையல. சோபா இருந்தும் தரையில உட்கார்ந்திருக்கார். ஒளிஞ்சு ஓய்வெடுக்க வர்றவன் மெத்தை இருந்தா விடுவானா? இவருக்குத் தரையில உட்கார்ந்து சுவர்ல சாயுறது பழக்கம். இந்த வீட்டுல யாருக்கு அந்தப் பழக்கம்னு எதிர்ச் சுவர்ல பன்னிரண்டு வருஷமா எழுதியிருந்துச்சு. அதைத்தான் நீங்க முதல்ல அழிச்சீங்க."

அனுப்ரியா நிமிர்ந்தாள்.

"நின்ன கடிகாரத்துக்கு பேட்டரி போட்டிருக்கார். ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போறவருக்கு அது தேவையில்ல. பகல் முழுக்க இருந்து, குறிப்பிட்ட நேரத்துக்குக் கிளம்பியாக வேண்டியவருக்குத்தான் தேவை. ஆபீஸ் விட்டு வர்ற நேரத்துக்கு. போன்ல பார்க்கலாமேன்னு கேப்பீங்க. பதில் வராத போனை எத்தனை தடவைதான் எடுத்துப் பார்க்கிறது? மூணாவது வாரம் கறை வரல. அந்த வாரம் அவர் வேற ஒரு வீட்டுல காய்ச்சல்ல கிடந்த பிள்ளைக்குப் பக்கத்துல இருந்தார். கறையில தேங்காயெண்ணெய் வாடை இல்ல. தலைவலித் தைல வாடை. ஆபீஸ் போறவர் அந்தத் தைலத்தைக் காலையில தலைக்குக் குளிச்சுப் போக்கிட்டுத்தான் போவார். அப்படியே கிளம்புறவருக்கு, அவரைப் பார்க்க ஆபீஸ்ல யாரும் இல்ல."

பிரிஜட் பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. அகிலன் ஜன்னலை விட்டு மெல்ல நடந்துவந்து, சின்னத்தம்பிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தான். அவன் தலை கறைக்குள் சரியாகப் பொருந்தியது.

"ரெண்டு மாசமாச்சு, அனு" என்றான். "முப்பது பேரை ஒரே நாள்ல அனுப்பிட்டாங்க. புது வீட்டுச் சாவி கைக்கு வந்த அடுத்த வாரம். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. காலையில பஸ் ஏறி இங்க வந்துடுவேன், வேலைக்கு எழுதிப் போட்டுட்டுப் பதிலுக்குக் காத்திருப்பேன். சோபாவைக் கசக்கினா நீ கண்டுபிடிச்சிடுவியோன்னு தரையில உட்கார்ந்தேன். சுவர் ஞாபகம் வரல. முதல் தடவை நீ கறைன்னு சொன்னப்பகூட பழைய கறைதான்னு நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது."

"இந்தத் தம்பியை நிறுத்தினது?" என்றாள் அனுப்ரியா. "அது உங்களுக்குத் தெரியுமா?"

அகிலன் கண்ணை மூடிக்கொண்டான். "தெரியும். இன்னைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு ஒவ்வொரு நாளும் நினைச்சேன். சோப்பு போட்டுத் துடைச்சுப் பார்த்தேன். போகல."

அவனைத் திட்ட வேண்டும் என்று அனுப்ரியாவுக்கு வாய் வரை வந்தது. ஆனால் இரவு இரவாக அந்தத் தலையை மடியில் வைத்துத் தைலம் தேய்த்தவள் அவள். தலைவலி எதனால் என்று அவள் கேட்கவே இல்லை. புது வீட்டுத் திரைச்சீலை என்ன நிறத்தில் வாங்கலாம் என்றுதான் தேய்த்துக்கொண்டே பேசியிருந்தாள். கறை அவன் தலையிலிருந்து வந்தது என்றால், எண்ணெய் அவள் கையிலிருந்து வந்தது. வெட்கம் தாங்காமல் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் தொலைபேசியை எடுத்து சின்னத்தம்பியின் முதலாளியை அழைத்தாள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"என்ன மேடம், புரூஃப் கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சிடுச்சு. சின்னத்தம்பி இல்ல."

"பின்ன யாரு?"

சேதுபதி கையை ஆட்டி, ஏதாவது சொல்லி மழுப்பிவிடுங்கள் என்று சைகை காட்டினார். அவள் எல்லார் முன்னாடியும் சொல்லச் சொன்னவள். பிரிஜட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுக்காரர். அவர் தலைக்கு எண்ணெய் தேய்ச்சது நான். தப்பு முழுக்க எங்க மேல. தம்பியைத் திங்கக்கிழமை வேலைக்கு எடுத்துக்குங்க."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "சரி மேடம். வரச் சொல்லுங்க."

ஆமினா பீவி 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சொல்லி டீ போட எழுந்தார். சிதம்பரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு குறிப்பேட்டில் எதையோ எழுதுவதுபோல் பாவனை செய்தார். சேதுபதி மட்டும், "மேடம், அந்தச் சுவர்..." என்று ஆரம்பித்தார்.

"அப்படியே இருக்கட்டும் சார். இந்த வீட்டுல ஆளுங்க இருந்தாங்கன்னு வர்றவங்களுக்குத் தெரியட்டும்."

அனுப்ரியா சின்னத்தம்பியின் முன்னால் வந்து நின்றாள். முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் நினைத்ததைவிட வயது அதிகம், முப்பதைத் தாண்டியிருப்பான்.

"மன்னிச்சிடுங்க, தம்பி. உங்க அப்பா இறந்தது அன்னைக்கே எனக்குத் தெரியாமப் போச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

சின்னத்தம்பி தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். குறை சொல்லும் குரல் அவனிடம் இல்லை.

"சொன்னேனே, மேடம். அன்னைக்குக் காலையில மெசேஜ் போட்டேன்."

அவள் போனைத் திறந்து, கறை, சாவி, ஏமாற்றுக்காரன் என்று தான் அனுப்பியதையெல்லாம் தாண்டி மேலே மேலே தள்ளிக்கொண்டு போனாள். முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு அது இருந்தது. 'வணக்கம் மேடம். எங்க அப்பா இரவு தவறிட்டாரு. ஒரு நாள் கழித்து வேலைக்கு வரட்டுமா?'

அதற்குக் கீழே, ஏழு மணி ஆறு நிமிடத்துக்கு, அவளுடைய பதிலும் இருந்தது. 'இன்றே முடிக்கவும். சனிக்கிழமைக்குள் சுவர் காய வேண்டும்.'